யாருக்கும் வைக்காத பேர்

ஜெனீரா கதையை நிறுத்தினாள். மகள் பலீலா 'உம்' கொட்டிய பிறகு, அறை மூலையிலிருந்து கொஞ்சம் பிந்தி இன்னொரு 'உம்' வந்தது போலிருந்தது.

தகரக் கூரையில் மழை. அதுவாகத்தான் இருக்கும்.

மடுல்சீமைக் கடைவீதியில், அவர்களுடைய கடைக்குப் பின்னாலிருந்த அந்த ஒற்றை அறைக்குள் கருவாட்டு வாடையும் ஈரச்சாக்கின் நெடியும் கலந்து கிடக்க, பொழுது சாயுமுன்பே மூடுபனி கதவிடுக்கால் நுழைந்து காய்ச்சலோடு பிள்ளை படுத்திருந்த பாயின் ஓரத்தை நனைத்துக்கொண்டிருந்தது. கணவன் லத்தீப் மருந்துக்காக மாட்டுவண்டியில் பதுளைக்குப் போயிருந்தான். மருந்து வரும்வரை பிள்ளையைத் தூங்க விடக் கூடாது என்பது வைத்தியரின் கட்டளை. அதனால்தான் கதை. 'உம்' வந்தால் பிள்ளை விழித்திருக்கிறாள்.

"கதையில வாற பையனுக்கு என்ன பேரு உம்மா?"

"இப்றாஹீம்."

"அது நம்மட வண்டிக்காரர்ட பேரு!"

"சரி, மாடசாமி."

"அவரு கங்காணி! அந்த மீசை சின்னப் பையனுக்கா?" சிரிக்கப்போய் இருமினாள். "யாருக்கும் இல்லாத பேராச் சொல்லுங்க."

அப்படி ஒரு பேர் ஜெனீராவிடம் இருந்தது. பலீலாவுக்கு முன் பிறந்த ஆண்பிள்ளைக்கு ஏழாம் நாள் வைக்கவென்று, லத்தீபிடம்கூடச் சொல்லாமல் நெஞ்சுக்குள் பொத்திவைத்திருந்த பேர். ஆறாம் நாள் அந்தியில் பிள்ளை போய்விட்டது. பேரில்லாமலே அடக்கினார்கள். அவனுக்குத் தொட்டில் கட்டிய கயிறு இன்னும் மூலையில் தொங்கியது. அவிழ்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

"மஹ்ரூப்" என்றாள். அதை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதன்முறை.

"நல்ல பேரு." பலீலாவின் கண்கள் சொருகித் திறந்தன. "அவனுக்குத் தங்கச்சி இருக்கா?"

"இருக்கே. பனிக்குள்ள தனியா நடந்து நடந்து, அவளத்தான் தேடி வாறான்."

"உம்."

தெளிவான 'உம்'. ஜெனீராவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மஹ்ரூப் ஓடையைத் தாண்டினான், தேயிலைமலை ஏறினான், கடைவாசலுக்கு வந்தான். ஒவ்வொன்றுக்கும் 'உம்'. களைப்பில்லாத, ஆசையான 'உம்'. பிள்ளையின் நெற்றியைத் தொட்டாள். சூடில்லை. அல்ஹம்துலில்லாஹ், காய்ச்சல் இறங்கிவிட்டது.

"கதவத் தொறந்து, தங்கச்சிட கையப் புடிச்சான்..."

"உம்."

பலீலாவின் உதடுகள் அசையவில்லை.

விளக்கைத் தூக்கினாள். பாதி மூடிய கண்கள். நெஞ்சு ஏறவில்லை. இறங்கவில்லை. பற்றிய கை குளிர்ந்து கனத்தது.

"மகள்... என்ட தங்கமே..."

மழை எப்போதோ விட்டிருந்தது. வீதியில் வண்டிமாட்டின் மணி. மருந்து வருகிறது.

மூலையில் வெறும் கயிறு ஆடியது. மெதுவாக. பாரம் தாங்கியது போல விறைத்து.

"உம்" என்றது.

கொஞ்சம் பிந்தி, அவள் நன்றாக அறிந்த களைத்த குரலில், அதே மூலையிலிருந்து இன்னொரு "உம்."

மீதிக் கதைக்காகக் காத்திருந்தார்கள்.