வெந்நீரில் கரைந்த சாட்சி!

"வீ...ல்!"

அலறியது அருக்காணி. மரக்காணம் உப்பளத்தில் குனிந்திருந்த அத்தனை முதுகுகளும் நிமிர்ந்தன.

2005, மே மாதம். காலை மணி ஆறரை.

அவள் கை நீட்டிய இடத்தில் வெள்ளை வெளேரென்று ஓர் உப்புக் குவியல். அதன் மேல் சிவப்பாய் ஒரு கோடு... கோடு முடிந்த இடத்தில் மேஸ்திரி கலியபெருமாள் குப்புறக் கிடந்தார்.

பின்மண்டை பிளந்திருந்தது!

ஆறு பத்துக்குத்தான் உப்பள முதலாளியிடம் செல்போனில் பேசியிருந்தார். இருபதே நிமிடங்கள். ஆள் காலி!

காலை பத்து மணி.

உப்பளத் தெருவில் ஜீப் நின்றது. இன்ஸ்பெக்டர் சக்கரபாணி இறங்கினார். ஒரு வீட்டு வாசலில் பிக்கப் வண்டி. இடுப்பளவு உயரத்துக்கு முரட்டு டயர்கள்.

"டோமினிக் யாரு?"

தூக்கக் கலக்கத்தோடு வந்தான் அவன். "நான்தான் சார்."

"நேத்து சாயங்காலம் கலியபெருமாள் சட்டையைப் புடிச்சு, 'உன்னை உயிரோட விடமாட்டேன்'னு கத்தினது?"

"அதுவும் நான்தான் சார்."

"ஆள் செத்துட்டாரு."

டோமினிக்கின் தூக்கம் ஓடிப்போனது. அவன் மனைவி ஜெனிதா கதவருகே நின்று சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

"சார், கோபம் இருந்துச்சு. இல்லன்னு சொல்லல. 'சேத்துல மாட்டாம லோடு எடுக்கலாம், ஹெவி ட்யூட்டி வீலு, பெரிய டயரு போடு'ன்னு உசுப்பேத்தினதே அவருதான். போட்டேன். அன்னியிலேர்ந்து நாப்பதைத் தாண்டினா வண்டி கிடுகிடுன்னு ஆடுது! ஸ்டீயரிங் கையில நிக்கல!"

"சரி பண்ண வேண்டியதுதானே?"

"நாலு வாட்டி பேலன்ஸிங் சார்! ரெண்டு வாட்டி அலைன்மென்ட்! கடையிலேர்ந்து வரும்போது வழவழன்னு வருது. மறுநாள் உப்பு ஏத்தினதும் மறுபடியும் ஆட்டம்! பன்னெண்டு நாளா இதே பாடு. என் தலையைப் பாத்தாலே மெக்கானிக் ஷட்டரை இறக்கறான்!"

"அழாதப்பா. காலைல ஆறு பத்துக்கு எங்க இருந்த?"

"கோட்டக்குப்பத்துக்கு லோடு. ஆறு நாப்பதுக்குக் கருவாட்டுக் கிடங்குல இறக்கினேன். விசாரிங்க."

"விசாரிச்சாச்சு. ஆறு நாப்பது கரெக்ட். ஆனா முப்பது கிலோமீட்டர்தானே? ஆறு பத்துக்கு மண்டையைப் பொளந்துட்டு, எண்பதுல பறந்தா அரை மணிக்குள்ள போய்ச் சேரலாமே!"

டோமினிக் சிரித்தே விட்டான். "எண்பதா! என் வண்டியா!"

"பறந்துச்சு சார்!"

ஜீப்பின் பின்னாலிருந்து குரல். உப்பளத்தில் மோட்டார் போடும் கண்ணாயிரம்.

"ஆறேகாலுக்கு நான் பஸ் ஸ்டாப்புல நின்னேன். இவன் வண்டி எண்பதுல போச்சு. துளி ஆட்டம் இல்ல!"

"டேய் கண்ணாயிரம்! வாய் அழுகிடும்டா! சார், பேச்சே வேணாம். ஏறி உக்காருங்க. நாப்பத்தஞ்சுல உங்க பல்லு தந்தி அடிக்கும்!"

"ஏங்க..." ஜெனிதா ஓடி வந்தாள். "ஒரு விஷயம்..."

"நீ சும்மா இரு ஜெனி!"

"இல்லங்க, அந்த வீலு..."

"சும்மா இருன்னு சொன்னேன்ல!"

பிக்கப் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறியது.

முப்பது... நாற்பது...

"இப்ப பாருங்க சார்!"

ஐம்பது... அறுபது...

இன்ஸ்பெக்டர் பார்த்தார். ஸ்டீயரிங் அசையவில்லை.

எழுபது... எண்பது!

தண்ணீரில் வாத்து போவது போலப் போனது வண்டி. டோமினிக்கின் நெற்றியில் வியர்வை அரும்பியது.

"ஆடு... ஆடித் தொலையேன் சனியனே!"

ஆடவில்லை.

சக்கரபாணி கொட்டாவி விட்டார். "காத்து நல்லா வருதுப்பா. திருப்பு... விலங்கு ஜீப்புல இருக்குது."

வாசலில் ஜெனிதா புன்னகையோடு நின்றிருந்தாள். கணவனின் முகத்தைப் பார்த்ததும் அந்தப் புன்னகை உதிர்ந்தது.

"ஆடலையா?" என்றாள் மெதுவாக.

"ஆடல ஜெனி! என் விதி! இன்னிக்குன்னு பாத்து ஆடல!"

"நான்தாங்க சரி பண்ணேன்."

"என்னது!"

"பன்னெண்டு நாளா நீங்க என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. சோறு உப்பா, சப்பான்னு கூட சொல்லல. எட்டு மணிக்கு வந்து படுத்தீங்க. நான் வண்டிக்கு அடியில படுத்துப் பாத்தேன். வீலுக்கு உள்பக்கம் கல்லு மாதிரி உப்புச்சேறு! ஒரு பக்கம் ரெண்டு விரக்கடை, ஒரு பக்கம் ஒண்ணுமே இல்ல. அப்புறம் ஆடாம என்ன பண்ணும்?"

"பழைய வீல்ல ஆடலையே?"

"அதுல பள்ளம் கம்மி. இதுல ஆழம், சேறு தங்குது. போதாததுக்கு, புது வீலு உப்புல துருப்புடிக்கும்னு தினம் கிரீஸை அப்பறீங்க. சேறு ஒட்டிக்குது, வெயில்ல இறுகிடுது. கடைக்காரன் கழுவிட்டுத்தானே மெஷின்ல மாட்டறான்? அங்க எப்படி ஆடும்?"

உப்பளத்து ஆட்கள் இரும்பைக் கண்டால் கிரீஸ் பூசுவார்கள். அந்தப் பழக்கம்தான் பன்னிரண்டு நாளாய் அவனை ஆட்டி வைத்திருக்கிறது!

இன்ஸ்பெக்டர் குறுக்கிட்டார். "எங்கம்மா அந்தச் சேறு? காட்டு."

"சோப்புத் தூள் போட்டு வெந்நீர் ஊத்தினேன் சார். கரைஞ்சு சாக்கடையில போயிடுச்சு."

டோமினிக் தலையில் கை வைத்துக்கொண்டான். "அடியே! என் ஒரே சாட்சியை வெந்நீர்ல கரைச்சு ஊத்திட்டியேடி!"

"புருஷனைக் காப்பாத்தப் பொண்டாட்டி சொல்ற கதை. நல்லாத்தான் இருக்குது." சக்கரபாணி விலங்கை எடுத்தார். "ஏறுடா."

ஜெனிதா ஜீப்பின் முன்னால் போய் நின்றாள். கண்ணில் நீர் முட்டியது. குரல் மட்டும் உடையவில்லை.

"ரெண்டு மணி நேரம் குடுங்க சார். அதே கிரீஸு. அதே சேறு. அதே வெயிலு. வண்டி ஆடலைன்னா என்னையும் சேத்துக் கூட்டிட்டுப் போங்க."

சக்கரபாணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். விலங்கைத் திரும்ப ஜீப்புக்குள் போட்டார்.

"ரெண்டே மணி நேரம்!"

வீல்களின் உள்பக்கம் கிரீஸ் பூசினார்கள். உப்பளத்து வரப்பில், சேற்றில் நாலு தடவை ஓட்டினார்கள். உச்சி வெயிலில் நிறுத்தினார்கள்.

மணி ஒன்று. மறுபடியும் அதே சாலை.

நாற்பது... நாற்பத்திரண்டு...

தொப்பி கழன்று காலடியில் விழுந்தது. சட்டைப் பையிலிருந்து பேனா துள்ளிக் குதித்தது.

"நி...நி...நிறு...த்துப்பா!"

"ஆடுது சார்!" டோமினிக் ஆனந்தக் கண்ணீர் விட்டான். "என் தங்கம் ஆடுது சார்!"

திரும்பி வந்து இறங்கிய பிறகும் இன்ஸ்பெக்டரின் கன்னம் அதிர்ந்துகொண்டிருந்தது. நேரே கண்ணாயிரத்திடம் போனார்.

"ஆறேகாலுக்கு இவன் வண்டி ஆடாம போச்சுன்னு சொன்ன?"

"ஆ... ஆமா சார்."

"எட்டு மணிக்கு மேலதான் கழுவியிருக்காங்க. ஆறேகாலுக்கு எப்படிடா ஆடாம போச்சு?"

கண்ணாயிரம் ஓரடி பின்வாங்கினான்.

"சார்!" ஜெனிதா பாய்ந்தாள். "ஒன்பது மணிக்கு நான் எண்பதுல ஓட்டிப் பாத்தேன். பஸ் ஸ்டாப்புல இவர் நின்னாரு. அதைப் பாத்துட்டுத்தான், காலைல பாத்த மாதிரி சொல்றாரு!"

டோமினிக் திகைத்தான். "உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா ஜெனி?"

"எங்கப்பா வேன் டிரைவர். ஆறு வருஷத்துல ஒரு நாளாவது கேட்டீங்களா?"

டோமினிக் முதல் முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தான்.

அந்த ஒரு நொடியில் கண்ணாயிரம் ஓடினான்! வரப்பில் இறங்கி, பாத்தியைத் தாண்டி... தாண்டவில்லை. முழங்கால் வரை சேறு! கான்ஸ்டபிள்கள் நிதானமாக நடந்து போய்ப் பிடுங்கி எடுத்தார்கள்.

"தெரியாம பண்ணிட்டேன் சார்! உப்பளத்து மோட்டாரைக் கழட்டி விக்கப் பாத்தேன். மேஸ்திரி கையும் களவுமா புடிச்சுட்டாரு. கையில ஸ்பேனர் இருந்துச்சு... டோமினிக்தான் முந்தின நாள் சண்டை போட்டானே, அவன் மேல போட்டுடலாம்னு..."

ஜீப் அவனை விழுங்கிக்கொண்டது.

டோமினிக் மனைவியின் கையைப் பிடித்தான். பன்னிரண்டு நாள் கழித்து!

"வெந்நீர் போடு ஜெனி. நானே கழுவறேன். கழுவிட்டுப் பாண்டி பீச்சுக்குப் போவோம். நீதான் ஓட்டற."

"ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது!" ஜீப்பிலிருந்து கத்தினார் சக்கரபாணி.

"சார்?"

"அந்த ஆட்டம்தான்யா கண்ணாயிரம் பொய் சொன்னதுக்கு ஆதாரம். ஜட்ஜ் ஐயா ஏறி உக்காந்து ஆடிப் பாக்கணும். கேஸ் முடியற வரைக்கும் வீலு அப்படியே இருக்கணும்!"

டோமினிக் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"கோர்ட்டுல கேஸ் சீக்கிரம் முடிஞ்சிடும் இல்ல சார்?"

ஜீப் நகர்ந்தது. இன்ஸ்பெக்டர் தலையை நீட்டினார்.

"கவலைப்படாதப்பா... என்ன ஆனாலும் உன் வண்டியை ஓவர்டேக் பண்ணாது!"