லென்ஸில் படிந்த மூச்சு

மூன்றாவது முறையும் லென்ஸில் ஆவி படிந்தபோது சர்ஜனுக்குப் பொறுமை போய்விட்டது. நுனியில் கேமரா வைத்த எண்டோஸ்கோப்பை உருவி நர்ஸிடம் நீட்டினார். வெந்நீரில் சரியாகச் சூடாக்குவதில்லை, துடைப்பதிலும் அக்கறை இல்லை என்று எரிந்து விழுந்தார். அவள் துடைத்துக் கொடுத்தாள். அவள் வேலையில் ஒரு குறையும் இல்லை என்பது அவருக்கே தெரியும், அதுதான் எரிச்சலைக் கூட்டியது.

கேமராத் திரை தெளிவாகத் தெரிவதற்காக விளக்குகளைக் குறைத்திருந்தார்கள். பகல் பதினோரு மணிக்கே அறை இருண்டு, மருந்து நெடியும் ரத்த வாடையும் கலந்து மூக்கை அடைக்க, அந்த அரையிருட்டில் வென்டிலேட்டர் மட்டும் புஸ் புஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது. மேசையில் கிடந்தவள் இருபத்தாறு வயது டீச்சர். பிள்ளைகள் 'கோணவாய்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்களாம். கன்னத்தில் தழும்பே விழாது, வாய்க்குள் சின்னதாகக் கீறி, கேமராவில் பார்த்தபடியே தாடை எலும்பை வெட்டி நேராக்கிவிடலாம் என்று அவள் அம்மாவிடம் வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தார். கேமரா காலை வாரினால் கன்னத்தைத்தான் கிழிக்க வேண்டும்.

மறுபடி நுழைத்தார். தசைக்கும் எலும்புக்கும் நடுவே சிவந்த சின்னப் பொந்து. மூச்சுக்காற்று எட்டவே முடியாத இடம். திரை வெளுத்தது. தெளிந்தது. வெளுத்தது.

வென்டிலேட்டர் குழாயில் கசிவு என்று மயக்க டாக்டர் மேல் பாய்ந்தார். கசிவே இல்லை என்று அவர் சாதித்தார்.

"அரை நிமிஷம் மெஷின நிறுத்துங்க. எங்கேர்ந்து வருதுன்னு பாத்துடலாம்," என்றார் சர்ஜன்.

இரைச்சல் அடங்கியது. டீச்சரின் மார்பு அசையவில்லை. மருந்தில் தசைகளெல்லாம் செயலற்றுக் கிடந்தன. தானாக மூச்சுவிட அவளால் முடியாது.

திரை வெளுத்தது. தெளிந்தது.



"போதும் டாக்டர், வெளிய எடுத்துடுங்க," என்றார் மயக்க டாக்டர்.

எடுத்திருக்கலாம். வீம்பு விடவில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார்.

பற்கள். பல்லே முளைக்காத இடத்தில், அரிசி அரிசியாக, மேலும் கீழுமாக இரண்டு வரிசை. அவை திறந்தன. திரை வெளுத்தது.

இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். எண்டோஸ்கோப் அசைந்தது. உள்பக்கமாக. விட்டால் முழுதும் உள்ளே போய்விடும். விடவில்லை. கையுறை விரல்கள் டீச்சரின் உதட்டைத் தாண்டின.

மெஷின் இன்னும் நின்றுதான் இருந்தது. அவள் மார்பு மெல்ல உயர்ந்தது.