குயிலுக்கு ஒரு தேசிக்காய்

சஜிதா வீட்டுக் காரின் பெயர் குயில்.

குளிர்காலக் காலையில் சாவியைத் திருப்பினால் போதும். 'கீ…ய்ய்ய்' என்று ஒரு கூவல் கூவும். மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸில் அவர்கள் இருக்கும் தெருவில் பாதிப் பேர் எழும்புவதே அந்தச் சத்தத்தில்தான்.

"ஒண்டுமில்லை, என்ஜின் பெல்ட்டுக்குக் குளிருது. சூடானா அடங்கிடும்," என்பார் அப்பா. அவர் சொன்னபடியே அடங்கிவிடும்.

குயிலின் நிறம் நீலம். பின்கதவு ஒன்று மட்டும் சாம்பல். அது வேறொரு காரிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட கதவு. ஒருமுறை, பூட்ட மறந்த இரவில், யாரோ திருடன் அந்தக் கதவைத் திறந்து உள்ளே பார்த்திருக்கிறான். பிறகு எதையும் எடுக்காமல், கதவை மரியாதையாகச் சாத்திவிட்டுப் போயிருக்கிறான்.

ஆனால் குயில் லேசுப்பட்ட கார் இல்லை. இதுவரை நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நிலவு எவ்வளவு தூரம் என்று படித்த அன்று சஜிதா மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"அப்பா! எங்கட குயில் நிலவுக்குப் போய்ச் சேர்ந்திட்டுது! இப்ப திரும்பி வந்துகொண்டிருக்கு!"

"அதுதான் பாவம், கொஞ்சம் களைச்சுப்போய் இருக்கு," என்றார் அப்பா.

அப்பா இரவிச்சந்திரன் டவுன்டவுனில் ஒரு உணவகத்தில் சமையல்காரர். குழம்பு கொதிக்கும் சத்தத்தை வைத்தே உப்புப் போட நேரமாகிவிட்டதா என்று சொல்லிவிடுவார். காரையும் அப்படித்தான் காதால் பார்த்துக்கொண்டார். நேரத்துக்கு ஒயில் மாற்றுவார். பனி கொட்டுவதற்கு முன்பே, தெருவில் போடும் உப்பு அரிக்காதபடி காரின் அடிப்பாகமெல்லாம் எண்ணெய் அடித்துவிடுவார். மற்றதெல்லாம் கேட்பதுதான்.

"கார் சத்தம் போட்டா முதல்ல கேள். பிறகு மிதி," என்பார்.

பக்கத்தில் இருந்து கேட்டுக் கேட்டே பத்து வயது சஜிதாவுக்கும் காரின் பாஷை பிடிபட்டுவிட்டது. கூவினால் பெல்ட். கரகரத்தால் பிரேக். 'டொக்… டொக்…' என்றால் பயப்படவே வேண்டாம். பின்பெட்டியில் அண்ணா விதுர்சனின் பந்து உருள்கிறது.

குயிலைக் கண்ணில் காட்டக்கூடாத ஒருவரும் இருந்தார். பெரியப்பா அரியரத்தினம்.

பெரியப்பா கர்க்லாண்டில் பெரிய வீட்டில் இருந்தார். அங்கே போனால் குயிலை வாசலில் விட முடியாது; தெரு முனையில்தான் விட வேண்டும். "முடக்கில விட்டிட்டு நடந்து வாங்கோ. அயலுக்குள்ள என்ன நினைப்பினம்?" என்பார்.

வெள்ளிக்கிழமை மாலை அவர் தொலைபேசியில் அழைத்தார். வீடு முழுக்கக் கேட்கும்படி பேசினார்.

"தம்பி, புதுக் கார் எடுத்திட்டன். ஞாயிற்றுக்கிழமை கோயில்ல வாகனப் பூசை, எல்லாரும் வாங்கோ. பேந்து இன்னொண்டு. உன்ர பழசை உடைக்கிறதுக்கு ஒரு ஆளோட கதைச்சிட்டன். திங்கட்கிழமை வந்து இழுத்துக்கொண்டு போவான்."

"இல்லை அண்ணை, அது இன்னும் நல்லா…"

"நான் சொன்னாச் சரி, தம்பி."

அவ்வளவுதான். அப்பாவைக் கனடாவுக்குக் கூப்பிட்டு, முதல் குளிர்காலம் முழுக்கத் தன்னோடு வைத்துப் பார்த்தவர் பெரியப்பா. அவர் சொன்ன சொல்லை அப்பா தட்டியதே இல்லை. தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனார். கரண்டி சட்டியில் படார் படார் என்று அடிபட்டது.

"உங்கட அப்பா அண்ணையோட கரண்டியாலதான் சண்டை பிடிப்பார்," என்றாள் அம்மா.

சஜிதா குசினி வாசலில் போய் நின்றாள். "அப்பா, நிலவில இருந்து திரும்பி வாற வழியில ஆரும் குயிலைப் பாதியில விட்டிடுவினமோ?"

அப்பா அடுப்பைக் குறைத்தார், கூட்டினார், மறுபடியும் குறைத்தார்.

சஜிதாவுக்கு ஒன்று விளங்கியது. குயிலைக் காப்பாற்ற வேண்டுமென்றால், சொன்ன வாயே 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டும். பெரியப்பாவின் வாய் அப்படியெல்லாம் சொல்லிப் பழகாத வாய்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சாம்பல் கதவைப் பளபளவென்று துடைத்தாள். எல்லோரும் ஏறினார்கள். குயில் கூவிக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டது.

கோயில் வாகனத் தரிப்பிடத்தில் பெரியப்பா கோட்டும் சூட்டுமாக நின்றார். குயிலைக் கண்டதும் அவருடைய கை தானாகவே நீண்டு தூரத்து மூலையைக் காட்டியது. "அங்க, அங்க. அந்தக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில."

அப்பா அங்கேயே கொண்டுபோய் விட்டார்.

புதுக் கார் கறுப்பாக மின்னியது. பெரியப்பா அதன் பெருமைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். இருக்கை முதுகைச் சூடாக்குமாம். ஸ்டியரிங் கையைச் சூடாக்குமாம். கூரை முழுவதும் திறக்குமாம்.

"பனி உள்ள கொட்டுமே, பெரியப்பா?" என்று கேட்டான் விதுர்சன்.

"அது… மாரியில திறக்கிறேல்லை," என்றார் பெரியப்பா. "அதை விடு. இது கதைக்கும் தெரியுமோ? ஏறுங்கோ ரெண்டு பேரும்."

சஜிதாவும் விதுர்சனும் பின்னால் ஏறினார்கள். கார் இரண்டு அடி நகர்ந்ததும் ஒரு பெண்குரல் இனிமையாகக் கேட்டது.

"பூக்லே வோத்ர சாந்த்யூர்."

"பாத்தியளோ?" பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. "பிரெஞ்சில கதைக்குது. முப்பது வருசமா மொன்றியலில இருக்கிறன், எனக்கு என்ன பிரெஞ்சு கஷ்டமே? 'வாங்கோ, இருங்கோ' எண்டு உங்களை வரவேற்குது."

விதுர்சன் சஜிதாவைப் பார்த்தான். அவர்கள் படிப்பது பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில். கார் வரவேற்கவில்லை. பெல்ட் போடச் சொல்லிக்கொண்டிருந்தது.

விதுர்சனின் கன்னம் சிரிப்பால் உப்பியது. சஜிதா அவன் காலை மிதித்தாள். சத்தம் போடாமல் தன் பெல்ட்டை இழுத்துப் போட்டாள். அண்ணாவின் பெல்ட்டையும் போட்டுவிட்டாள். குரல் நின்றது.

"பாத்தியளோ? வரவேற்பு முடிஞ்சுது," என்றார் பெரியப்பா.

மூவரும் இறங்கியதும் ஐயர் வந்தார். வேட்டிக்கு மேல் தடித்த குளிர் ஜக்கெற், தலையில் கம்பளித் தொப்பி. காருக்குச் சந்தனம் வைத்தார், மாலை போட்டார், கற்பூரம் காட்டினார். தேங்காயைச் சுற்றி உடைத்தார். நான்கு ரயர்களுக்கும் முன்னால் நான்கு தேசிக்காய் வைத்தார்.

"அரியரத்தினம், ஏறி முன்னுக்கு எடுங்கோ. தேசிக்காயை நசிச்சுக்கொண்டு போகட்டும். நாலரைக்கு ராகுகாலம் துடங்குது, அதுக்கு முதல் முடிக்கவேணும்."

பெரியப்பா அரசர் தேரில் ஏறுவது போல ஏறினார். காருக்கு முன்னால் கூட்டம் கூடி எல்லோரும் கைப்பேசியை உயர்த்தினார்கள். நடுவில் பெரியம்மா ஒரு பெரிய ஐபாட்டைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

கார் அசைந்தது. உடனே 'டக்' என்று நின்றது.

"அதான்சியோன்! பியெத்தோன் தெவான்!"

"என்னவாம்?" என்று வெளியிலிருந்து கேட்டாள் பெரியம்மா.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "கொஞ்சம் பொறுக்கட்டாம்."

பொறுத்தார்கள். மறுபடியும் மிதித்தார். டக்! "அதான்சியோன்! பியெத்தோன் தெவான்!"

"இப்ப என்னவாம்?"

"பூசை நல்லா இருக்காம்," என்றார் பெரியப்பா. அவருடைய நெற்றி வியர்த்திருந்தது. இருக்கைச் சூடு போலும்.

கூட்டம் ஆராய்ச்சியில் இறங்கியது. தேசிக்காய் பெரிதாகிவிட்டது என்றார் ஒருவர். கண்ணூறு என்றார் இன்னொருவர். "இவ்வளவு விலைக் காருக்குத் தேசிக்காயில ஏறத் தெரியாதோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. என்ன நடக்கிறது என்று பார்க்க எல்லோரும் இன்னும் கிட்ட வந்தார்கள். கார் முன்பைவிடப் பலமாகக் கத்தியது.

ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். பெரியப்பா ஐயரைப் பார்த்தார்.

'ஆட்கள் முன்னால் நிற்கிறார்கள், கவனம்!' என்றுதான் கார் சொல்லிக்கொண்டிருந்தது. பாவம், யாரையும் இடித்துவிடக்கூடாது என்று அதற்கு அவ்வளவு அக்கறை.

"சொல்லட்டோ?" விதுர்சன் துள்ளினான். "பெரியப்பாக்குப் பிரெஞ்சு தெரியாது எண்டு கத்தட்டோ? எங்கட குயிலை உடைக்கப்போறார்தானே!"

சஜிதாவுக்கும் அந்த ஆசை வந்தது. ஒரு கணம்தான். கண்ணாடிக்குள்ளே பெரியப்பாவின் முகம் தெரிந்தது. கரும்பலகைக்கு முன்னால் கூப்பிட்டு நிறுத்தியதும் விடை மறந்துபோன பிள்ளையின் முகம் போல இருந்தது.

"வேண்டாம், அண்ணா."

அவள் சுற்றிலும் பார்த்தாள். புதுக் காருக்கு நேர் பின்னால், தூரத்து மூலையில், குப்பைத் தொட்டியும் குயிலும் நின்றன. சஜிதா பெரியம்மாவிடம் ஓடினாள்.

"பெரியம்மா, முன்னால நிண்டு எடுத்தா எங்கட குயிலும் குப்பைத் தொட்டியும் படத்தில விழுது."

பெரியம்மா ஐபாட்டை உற்றுப் பார்த்தாள். நெஞ்சில் கை வைத்தாள்.

"ஐயையோ! எல்லாரும் இந்தப் பக்கம் வாங்கோ! முன்னால ஒருத்தரும் நிக்கவேண்டாம்! ஐயா, நீங்களும்தான், தள்ளி வாங்கோ!"

பெரியம்மா சொன்னால் மறுத்து நிற்பதற்கு அங்கே ஆள் கிடையாது. ஒரு நொடியில் கூட்டம் முழுவதும் பக்கத்துக்குப் போய்விட்டது. காருக்கு முன்னால் வெறும் தரை.

பெரியப்பா மெதுவாக மிதித்தார். கார் ஒன்றுமே சொல்லவில்லை.

சடக். சடக். நான்கு தேசிக்காயும் நசிந்தன. எல்லோரும் கை தட்டினார்கள். ஐயர் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

கூட்டம் பிரசாதத்தின் பக்கம் போனதும், புதுக் காரின் கண்ணாடி இறங்கியது. ஒரு விரல் சஜிதாவைக் கூப்பிட்டது.

"பிள்ளை," என்றார் பெரியப்பா, மிகவும் தாழ்ந்த குரலில். "அது என்ன சொன்னது?"

"முன்னால ஆக்கள் நிக்கினம், கவனம் எண்டு."

"ம்… முதல்ல சொன்னது?"

"பெல்ட் போடச் சொன்னது."

பெரியப்பா கோட்டின் மடிப்பை இழுத்துச் சரிசெய்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார்.

"ஓம், பெரியப்பா," என்றாள் சஜிதா.

"தெரிஞ்சும் நீ ஏன் பேசாமல் இருந்தனி?"

சஜிதா தோளைக் குலுக்கினாள். "கார்தான் சொல்லிக்கொண்டிருந்ததே. சத்தம் போட்டா முதல்ல கேக்கவேணும், பிறகுதான் மிதிக்கவேணும். நாங்கள் குயிலில அப்பிடித்தான்."

பெரியப்பா திரும்பித் தூரத்து மூலையைப் பார்த்தார். அப்பா குயிலின் பக்கத்தில் நின்று அதன் கண்ணாடியில் விழுந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். தூக்கி எறியப்போகும் பொருளுக்கு யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள்.

பெரியப்பா கைப்பேசியை எடுத்து யாரையோ அழைத்தார். தன்னிடம் இருந்த பிரெஞ்சு முழுவதையும் திரட்டிப் பேசினார்.

"பொன்ஜூர். லுந்தி… நோ. பா த ஷார். மெர்சி!"

சொற்கள் தடக்கி விழுந்தாலும் விஷயம் நேராகவே போனது. திங்கட்கிழமை வேண்டாம். கார் கிடையாது. நன்றி.

"நல்ல பிரெஞ்சு, பெரியப்பா!" என்றாள் சஜிதா. இந்தமுறை உண்மையாகவே சொன்னாள். பிறகு முன்னால் ஏறி, திரையைத் தட்டித் தட்டிப் புதுக் காரை ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுத்தாள். பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று பெரியப்பா கேட்டார். இல்லை என்றதும் கம்பனிக்காரரை ஒரு நிமிடம் திட்டினார். அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது.

இருவரும் மூலைக்கு நடந்தார்கள்.

"தம்பி," என்றார் பெரியப்பா உரத்த குரலில், "இது இருக்கட்டும். நான் யோசிச்சுப் பாத்தன். உடைக்கிற கார் இல்லை இது."

அப்பாவின் கையிலிருந்து இலைகள் விழுந்தன. "ஓம் அண்ணை," என்றார்.

பின்னாலேயே ஐயரும் வந்தார். தட்டில் ஒரு தேசிக்காய் மிச்சம் இருந்தது. குயிலைச் சுற்றி வந்து சாம்பல் கதவைத் தட்டிப் பார்த்தார்.

"இதுக்குப் பூசை செய்ததோ?"

"இல்லை ஐயா, பழசாத்தானே வாங்கினது," என்றார் அப்பா. "இப்ப வேண்டாம், ராகுகாலமும் துடங்கிட்டுது."

"எவ்வளவு ஓடியிருக்கு?"

"நிலவுக்குப் போயிட்டுத் திரும்பி வருது, ஐயா," என்றாள் சஜிதா. கணக்கையும் சொன்னாள்.

ஐயர் கம்பளித் தொப்பியைக் கழற்றினார். "இதுக்கு ராகுகாலம் என்ன செய்யும்? ராகுதான் வழி விடவேணும்."

குயிலின் நெற்றியில் சந்தனப் பொட்டு ஏறியது. முன் ரயருக்குக் கீழே அந்த ஒற்றைத் தேசிக்காய் உட்கார்ந்தது.

"ஏறுங்கோ அண்ணை, ஒரு சுத்துச் சுத்திட்டு வருவம்," என்றார் அப்பா.

பெரியப்பா தயங்கினார். யாரும் பார்க்கிறார்களா என்று இருபக்கமும் பார்த்தார். பிறகு கோட்டைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு முன்னிருக்கையில் ஏறினார். சஜிதாவும் விதுர்சனும் பின்னால் ஏறினார்கள். அப்பா சாவியைத் திருப்பினார்.

'கீ…ய்ய்ய்!'

பெரியப்பா திடுக்கிட்டார். "இது என்ன சொல்லுது?"

"'வாங்கோ, இருங்கோ' எண்டு உங்களை வரவேற்குது, பெரியப்பா," என்றாள் சஜிதா.

பெரியப்பா உதட்டோரம் சிரிப்புத் துடிக்க, கையை நீட்டித் தன் பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்பா மிதித்தார்.

சடக்!