காற்றுத் தொட்டியின் மீதி ஆயுள்

சிங்கப்பூரில் பூன் லே பக்கத்துப் பட்டறை ஒன்றின் தரையில் செல்லக்கண்ணுவின் ஒற்றைக் காலணி கிடந்தது. உயிரை முந்தின நாள் சாயங்காலமே விட்டுவிட்டான். வேலையிட விபத்துகளை விசாரிக்கும் அரசு அதிகாரி ரக்ஷனா, காலை எட்டரை மணிக்கு அந்தக் காலணியைத் தாண்டிப் போய்த் தன் பையைத் திறந்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி ஒன்றைப் பார்த்தால் இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்காது. இப்போது ஒன்றுமே தோன்றவில்லை. மனசு மரத்துப் போயிருந்தது.

பெயின்ட் அடிக்கும் துப்பாக்கிகளுக்காகக் காற்றை அழுத்தி வைத்திருந்த பழைய இரும்புத் தொட்டி, அடிப்பக்கம் கிழிந்து வெடித்திருந்தது. பக்கத்துச் சுவர் பொடிப்பொடியாகி, பட்டறை முழுக்க ஒரே சுண்ணாம்புத் தூசி. ஆம்புலன்ஸ் வரும்வரை செல்லக்கண்ணுவின் தலையை மடியில் வைத்திருந்தவன் அவனுடைய அறைத்தோழன் சேவியர். வண்டியிலும் அவனே ஏறிப் போனான்.

“கேஸ் சிம்பிள் லா,” என்றார் அசோக். தொட்டியைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் உரிமம் பெற்ற பரிசோதகர். ஆம்புலன்ஸ் போன கையோடு வந்து, போலீஸ் வருவதற்குள் எல்லோரையும் வெளியே நிறுத்திவிட்டு, தாம் மட்டும் உள்ளே போய்ப் பார்த்த புண்ணியவான். “பிரஷர் ஏறினா இந்த வால்வு தானா திறக்கணும். கம்பி போட்டுக் கட்டியிருக்கான். எப்படித் திறக்கும்?”

“யாரு?”

“வேற யாரு? தொட்டியைப் பார்த்துக்கிறது சேவியர்தானே. சத்தம் போடுதேன்னு கட்டியிருப்பான். கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறான்.”

“தொட்டி எப்படி இருந்துச்சு?”

“ஏ ஒன். ஆயுத பூஜை முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு நானே அளந்தேன். அஞ்சு இடம், அஞ்சும் எட்டு மில்லிமீட்டருக்கு மேல. இன்னும் பத்து வருஷம் தாங்கும்.”

தொட்டியின் ஆயுளைச் சொல்வது ஜோசியம் இல்லை. தகடு எவ்வளவு மிச்சமிருக்கிறது, வருஷத்துக்கு எவ்வளவு அரிக்கிறது என்று பார்த்துக் கணக்குப் போடுவார்கள். அளப்பதற்கென்று பெயின்டைச் சுரண்டி வட்டங்கள் விட்டிருப்பார்கள். வயிற்று ஸ்கேனுக்குத் தடவுவது மாதிரி அந்த வட்டத்தில் ஜெல் தடவி, கருவியை வைக்க வேண்டும். இந்தத் தொட்டியில் மூன்று வட்டங்கள் நெஞ்சு உயரத்தில் இருந்தன, இரண்டு அடியில்.

சேவியர் கவிழ்த்த பெயின்ட் டின் மேல் உட்கார்ந்திருந்தான். மதியம் போலீஸ் அழைத்துப் போகும். குற்றம் நிரூபணமானால் ஜெயில்தான். அதைப் பற்றியும் அவனுக்கு அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை.

“வால்வை ஏன் கட்டினீங்க?” என்றாள் ரக்ஷனா.

அவன் பார்வை தரையில் கிடந்த காலணியை விட்டு அசையவில்லை. அவள் திரும்பிப் போய் வால்வின் கம்பியை மெல்ல அவிழ்த்து, அது இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு கிழிந்த தகட்டின் அருகே மண்டியிட்டு வெகுநேரம் பார்த்தாள். கிழிந்த ஓரம் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. வெறும் தகரம்!

மறுபடியும் சேவியரிடம் வந்தாள். “பூஜைக்குத் தொட்டியில பொட்டு வச்சது யாரு?”

“செல்லக்கண்ணு.” இதற்கு மட்டும் குரல் வந்தது. “தேக்கா மார்க்கெட்ல சந்தனம், குங்குமம் வாங்கிட்டு வந்தான். வட்டம் வட்டமா இருக்குல்ல, பொட்டு வைக்க வாகா இருக்குன்னு அஞ்சுலயும் வச்சான் மேடம்.”

“அப்புறம் யாராவது புதுசா வச்சாங்களா?”

“இல்ல மேடம். ஒரு தடவைதான்.”

மதியம் சார்ஜண்ட் அஹமது கபீர் வந்ததும், ரக்ஷனா எல்லோரையும் தகட்டின் பக்கம் அழைத்தாள்.

“மேல இருக்கிற மூணு வட்டத்துலயும் ஜெல் காய்ஞ்சிருக்கு. ஓரத்துல குங்குமம் ஈஷியிருக்கு. பொட்டைத் துடைச்சிட்டு அளந்திருக்கீங்க அசோக். அடியில ரெண்டையும் பாருங்க. சந்தனம் வச்சபடியே இருக்கு. பொட்டை அழிக்காம எப்படி அளந்தீங்க?”

அசோக் குனிந்து பார்த்தார். “சாமிக்கு வச்ச பொட்டு... அழிக்க மனசு வரல.”

“மேல மூணை அழிக்க மட்டும் வந்துச்சா?”

ரக்ஷனா கிழிந்த ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“காத்துல இருக்கிற ஈரமெல்லாம் தண்ணியா அடியிலதான் நிக்கும். முதல்ல அரிக்கிறதும் அங்கதான். ஆனா அதை அளக்கணும்னா கிரீஸ் தரையில படுக்கணும்.”

“எந்த வருஷமும் அடியை நான் பார்த்ததில்ல,” என்றார் அசோக், யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல. “மேல இருக்கிற அளவையே போட்டுடுவேன்.”

“கம்பி?” என்றார் சார்ஜண்ட்.

“கம்பிக்கு அடியிலயும் சுவர்த் தூசி இருக்கு சார். அப்போ வெடிச்ச பிறகுதான் கட்டியிருக்கணும். அந்நேரம் சேவியர் ஆம்புலன்ஸ்ல இருந்தார். உள்ள தனியா இருந்தது இவர் ஒருத்தர்தான். தொட்டி தானா கிழிஞ்சதுன்னு தெரிஞ்சா, பத்து வருஷம் தாங்கும்னு சொன்ன இவரைத்தானே கேப்பாங்க? வால்வு மேல பழி போட்டா சேவியரோட முடிஞ்சுடும்.”

அசோக்கை வண்டியில் ஏற்றினார்கள். ரக்ஷனா டின்னுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தாள். “உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. நான் கட்டலன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சேவியர்?”

அவன் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான்.

“ஏன் கட்டினேன்னுதான் எல்லாரும் கேட்டாங்க மேடம். கட்டினியான்னு யாரும் கேக்கல.”

அவளும்தான் கேட்கவில்லை. வெட்கத்தில் அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.