பின்னுக்கு மிதி, வைதேகி!

“ஐயோ…!”

வைதேகியின் அலறலைக் கேட்க அந்த ரோட்டில் ஈ காக்கை இல்லை.

பிரேக் பிடிக்கவில்லை!

கைப்பிடியை மறுபடி அழுத்தினாள். பொசுக்கென்று உள்ளே போனது. சைக்கிள் நிற்கவில்லை. சரிவில் இன்னும் வேகமெடுத்தது!

சிவப்புச் சரளை ரோடு. இடது பக்கம், எப்போதோ எரிமலையாக இருந்து அடங்கிப்போன பெரும் பள்ளம். அதன் அடியில் கறுப்பாக ஓர் ஏரி. தடுப்புக் கம்பி கிடையாது. எதிரே ஒரு வளைவு…

“ஏங்க…! பிரேக் பிடிக்கலைங்க…!”

மேலே, உச்சியில், காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான் அவள் கணவன் வரதராஜன். காதில் விழாமல் இல்லை. நன்றாகவே விழுந்தது.

அவன் அசையவில்லை!

கொஞ்ச நேரம் முன்புதான் தேனாகப் பேசினான்.

“வண்டியே வராத ரோடு வைதேகி. உன் இஷ்டத்துக்கு ஓட்டலாம்.”

“அந்தப் பள்ளத்தைப் பார்த்தா பயமா இருக்குங்க.”

“அட அசடே! அது செத்த எரிமலை. செத்தது எதுவும் திரும்பி வராது. நீ முன்னால போ. நான் காரை எடுத்துட்டுப் பின்னாலயே வர்றேன்.”

சைக்கிளைத் தடவிப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

“இந்த ஊர் சைக்கிளுக்கு ஒரே ஒரு பிரேக் வயர்தானா? கஞ்சப் பசங்க!”

அவளும் சிரித்தாள், பாவம்.

1975, அக்டோபர். வேலை நாளில் லீவு போட்டு, மெல்பர்னிலிருந்து மேற்கே மூன்று மணி நேரம் கார் ஓட்டிக் கூட்டி வந்திருந்தான். அதுவே அவளுக்கு அதிசயம்! கல்யாணமான கையோடு ஆஸ்திரேலியா வந்த இன்ஜினியர் வரதராஜன், மனைவியைத் திருச்சியிலிருந்து வரவழைக்க இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டவன். அதுவும் மாமனார் நெருக்கிய பிறகு. வந்து எட்டு மாதமாகியும் ஒரு சினிமாவுக்குக்கூட அழைத்துப் போனதில்லை. ஆபீஸ் விருந்துக்கும் தனியாகத்தான் போவான். ‘உனக்கு இங்கிலீஷ் வராது, போரடிக்கும்’ என்பான்.

இன்றைக்கு மட்டும் ஏன் இந்தக் கரிசனம்?

யோசிக்க நேரமில்லை. வளைவு வந்துவிட்டது!

கை பிரேக்கை நசுக்கியது. ஸ்ரீரங்கத்துத் தெருக்களில் சைக்கிள் விட்ட நாளிலிருந்து அந்தக் கைக்கு அது ஒன்றுதான் தெரியும்.

“பெருமாளே…!”

அப்போது மனதுக்குள் ஒரு குரல்…

பக்கத்து ஃபிளாட் சிவனேஸ்வரி அன்ரி! யாழ்ப்பாணத்துக்காரி. ஆஸ்பத்திரி நர்ஸ். இந்த சைக்கிளே அவளுடையதுதான். பகலில், வரதராஜன் ஆபீஸ் போன பிறகு, பூங்காவில் வைத்து ஓட்டிப் பழக்கியவள்.

‘பிள்ளை, பயந்தால் கை வேலை செய்யாது. காலை நம்பு. பின்னுக்கு மிதி, நிக்கும்!’

மிதித்தாள்!

பெடலைப் பின்பக்கமாக, உடம்பின் பாரமெல்லாம் போட்டு மிதித்தாள். பின் சக்கரம் இறுகியது. சரளை சிதறியது. சைக்கிள் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்… விளிம்பில் நின்றது!

முன் சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு முழம்.

உதிர்ந்த கற்கள் கீழே போய் ஏரியில் விழும் சத்தம் கேட்டது.

மேலே கார் கிளம்பும் ஓசை.

“வந்துட்டார்… அப்பாடா… வந்துட்டார்…”

விம்மியபடி குனிந்து பிரேக்கைப் பார்த்தாள்.

வயர் அறுந்திருக்கவில்லை. வெட்டப்பட்டிருந்தது! வெட்டு தெரியாமலிருக்கக் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. துளி சுருக்கமில்லாத, அழகான சுற்று.

வீட்டில் இஸ்திரிப் பெட்டி வயரில் இதே சுற்று இருக்கிறது. சுற்றியது யார் என்பது அவளுக்குத் தெரியும்.

“ஐயோ… அவரா?”

இந்த ரோட்டில் வரக்கூடிய ஒரே வண்டி அவனுடையது. காப்பாற்ற வரவில்லை… முடிந்ததா என்று பார்க்க வருகிறான்!

ஓடி ஒளிய ரோட்டோரம் ஒரு மரம்கூட இல்லை. வலது பக்கம், எரிமலைக் கற்களை அடுக்கிக் கட்டிய இடுப்பளவு சுவர் மட்டும். அதற்கு அப்பால் ஆடுகள், தள்ளி ஓர் ஒற்றை மரம்.

வெட்டுப்பட்ட வயரைப் பிடுங்கி கோட் பாக்கெட்டில் திணித்தாள். சைக்கிளைப் பள்ளத்தில் தள்ளினாள். இடது கால் செருப்பு கழன்று ரோட்டில் விழுந்தது. எடுக்க நேரமில்லை. சுவரைத் தாண்டிக் குதித்துக் கவிழ்ந்து படுத்தாள்.

கார் நின்றது. கதவு திறந்தது. சரளையில் பூட்ஸ் ஒலி.

சரக்… சரக்…

“வைதேகி?”

வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வைதேகி… இருக்கியா?”

குரல் அன்பாகவே இருந்தது. அதுதான் அவளை அதிகம் நடுங்க வைத்தது.

கல்லிடுக்கு வழியே பார்த்தாள். செருப்பை எடுத்துப் பார்த்தான். விளிம்பில் நின்று கீழே எட்டிப் பார்த்தான். அப்புறம் காருக்குத் திரும்பி, கண்ணாடியில் முகம் பார்த்து, ஒழுங்காக வாரியிருந்த தலையைக் கைகளால் கலைத்துவிட்டான். சட்டையில் ஒரு பொத்தானைப் பிய்த்தான்.

‘ஏங்க? நான் என்னங்க பண்ணேன்?’ என்று மனசு கதறியது.

விர்ர்ர்!

தலைக்கு மேலே என்னவோ பாய்ந்தது. கறுப்பு வெள்ளைப் பறவை. மேக்பை! அக்டோபர்தான் இங்கே வசந்த காலம்; அப்போது கூட்டுக்குப் பக்கத்தில் யார் வந்தாலும் மண்டையில் கொத்தும் ஜென்மம். வைதேகியின் உச்சந்தலையில் ஒரு கொத்து!

உதட்டைக் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது. சத்தம் போடவில்லை.

ஆனால் சிறகடிப்பு அவனுக்குக் கேட்டுவிட்டது.

“யாரது?”

சுவரை நோக்கி வந்தான். சரக்… சரக்… இன்னும் நாலே எட்டு…

விர்ர்ர்!

பறவைக்கு இப்போது புதிய மண்டை கிடைத்துவிட்டது!

“ஏய்! சனியனே! போ!”

தலையைப் பிடித்துக்கொண்டு காருக்கு ஓடினான். மேக்பை விடவில்லை. கார் புழுதி கிளப்பிக்கொண்டு பறந்தது.

வைதேகி ஒற்றைச் செருப்போடு, ஆடுகளுக்கு நடுவே ஓடினாள். தூரத்தில் தெரிந்த பண்ணை வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“ஹஸ்பண்ட்… பிரேக்… கட்!”

மூன்றே வார்த்தை. வயரைப் பார்த்த பண்ணைக்கார அம்மாளுக்கு அதற்கு மேல் இலக்கணம் தேவைப்படவில்லை. போனை எடுத்தாள்.

பக்கத்து டவுன் போலீஸ் ஸ்டேஷன். புகார் கொடுக்க வந்தவனைச் சார்ஜென்ட் வெகுநேரம் காக்க வைத்துவிட்டு அப்புறம்தான் விசாரித்தார்.

வரதராஜன் அழுதான். அப்படியோர் அழுகை! எல்லாம் இங்கிலீஷில்தான். நமக்குத் தமிழில்.

“என் மனைவி… பள்ளத்துல… பிரேக் பிடிக்கலைன்னு கத்தினா! காரை எடுத்துத் துரத்தினேன் சார்… கைக்கு எட்டலை… போயிட்டா!”

உள் அறையில், கதவுக்குப் பின்னால், பின்வாசல் வழியாகக் கூட்டி வந்த பண்ணைக்கார அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு வைதேகி உட்கார்ந்திருந்தாள். அந்த அழுகையைக் கேட்க ஒரு கணம் அவளுக்கே பாவமாக இருந்தது.

“சைக்கிளில் எத்தனை பிரேக்?” என்றார் சார்ஜென்ட்.

“ஒண்ணே ஒண்ணு. அந்த வயர் அறுந்திருக்கும்.”

“ரெண்டு. கைக்கு ஒண்ணு. காலுக்கு ஒண்ணு, சக்கரத்துக்குள்ள. பெடலைப் பின்னால மிதிச்சா நிக்கும். இங்கே பள்ளிக்கூடத்துப் பொடிசுகளுக்கெல்லாம் தெரியும்.”

அழுகை பாதியில் நின்றது.

“எ… எங்க ஊர் சைக்கிளில் பின்னால மிதிச்சா சும்மா சுத்தும் சார்… அவளுக்கும் தெரியாது… பாவம்…”

“சரி. இந்த நிலைமையில நீங்க கார் ஓட்டக் கூடாது. உங்க ஆபீஸுக்கு போன் போட்டு யாரையாவது வரச் சொல்றேன்.”

“வேண்டாம்!”

கத்தியேவிட்டான். இப்போது நடுக்கம் அவன் முறை!

“ஏன்?”

“அவங்களுக்கு எதுக்கு சிரமம்… வேண்டாம் சார்… ப்ளீஸ்…”

சார்ஜென்ட் டயலைச் சுழற்றினார். வரதராஜனின் மேலதிகாரியிடம் விஷயத்தைச் சொன்னார். கேட்டார். புருவம் மேலே போனது. போனை வைத்தார்.

“உங்க மேலதிகாரி குழம்பிப் போயிருக்கார் மிஸ்டர் வரதராஜன். உங்க மனைவி இந்தியாவில டைபாய்டு வந்து செத்து ரெண்டு வருஷமாச்சாமே? ஆபீஸே சேர்ந்து துக்கம் விசாரிச்சாங்களாம்.”

“அது… அது வந்து…”

“அடுத்த மாசம் டைப்பிஸ்ட் பார்பராவோட உங்களுக்குக் கல்யாணமாம். கேக்குக்குக்கூடச் சொல்லியாச்சாம்!”

“இவ… இவ ரெண்டாவது மனைவி சார்!”

“அப்ப பார்பரா மூணாவதா?”

நெற்றியில் மேக்பை கொத்திய இடத்திலிருந்து ஒரு கோடு ரத்தம் வழிந்தது.

இங்கிலீஷ் பேசத்தான் வராது, கேட்டால் புரியும்; கதவுக்குப் பின்னால் வைதேகிக்கு எல்லாம் விளங்கியது. எட்டு மாதம் அவனுக்குச் சமைத்துப் போட்டது, துணி துவைத்தது, வாசல் பார்த்துக் காத்திருந்தது எல்லாம் ஒரு செத்தவள்! அழுகை பொங்கியது. அதற்கு மேல் கோபம் பொங்கியது.

கதவைத் திறந்தாள்.

தலைமுடியெல்லாம் சிவப்புப் புழுதி. காலில் ஒற்றைச் செருப்பு.

“வை… வைதேகி…!”

வரதராஜன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தான்.

வயரை எடுத்து மேஜைமேல் போட்டாள். கறுப்பு டேப் கொஞ்சமும் கசங்காமல் இருந்தது.

“பயப்படாதீங்க. செத்தது எதுவும் திரும்பி வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

அவன் தரையிலிருந்தபடியே கும்பிட்டான். சார்ஜென்ட் விலங்கை எடுத்தார்.

வைதேகி குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

“ஏங்க… ரெண்டு தடவை என்னைச் சாகடிச்சும் ஒரு தடவைகூட உருப்படியா முடிக்கலையே… நீங்க எப்படிங்க இன்ஜினியர் ஆனீங்க?”