இனி எதுவும் ஏறாது

ஜெபத்தில் ஒரு வரி கூடியிருந்தது. ஃபீபி டீச்சர் முதலில் தன் காதைத்தான் சந்தேகப்பட்டாள். ஆம்பூரில் மாலை ஏழு மணிக்கு, தோல் பதனிடும் ஷாப்பின் சுண்ணாம்பு நாற்றம் ஜன்னல் வழியாக வந்து சாம்பார் வாசனையோடு கலந்துகொண்டிருக்க, எட்டு மாதத்துக்கு முன் இறந்துபோன கணவர் தேவசகாயம் பதிவுசெய்து வைத்திருந்த ஜெபத்தை அவருடைய குட்டி லேப்டாப்பில் ஓடவிட்டு, எதிரே பாய் விரித்து உட்கார்ந்து, அவர் முடிக்கும் இடத்தில் "ஆமென்" சொல்வதுதான் அவளுடைய குடும்ப ஜெபம். குடும்பம் என்று மிச்சமிருந்தது அவ்வளவுதான்.

நாலு நிமிஷ ஜெபம், அவளுக்கு மனப்பாடம். "ஃபீபிக்கு நல்ல சுகம் தாரும்" என்பதற்குப் பிறகு இன்று, "அவள் தனியாக இருக்கிறாள், ஆண்டவரே" என்று வந்தது.

மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, பஜாரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஆபித் பாஷாவிடம் போய், இதில் புதிதாக ஏதாவது ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள்.

"இதுல இருக்கிற டிஸ்க்கு எஸ்எஸ்டி, டீச்சர். போன வருஷம் புதுசா வந்த மாடலு. உள்ள சுத்துற தகடே கெடையாது, எல்லாம் சிப்பு. எழுதி எழுதித் தேஞ்சிபோச்சு. இனிமே இருக்கிறதைப் படிக்கத்தான் விடும், புதுசா எதுவும் ஏறாது."

"ஏறவே ஏறாதா பாய்?"

"சான்ஸே இல்ல. இதுவும் எத்தினி நாளைக்குன்னு சொல்ல முடியாது. சிடில போட்டுத் தர்றேன், அதையே கேளுங்க."

சிடியில் பழைய ஜெபம் பழையபடியே இருந்தது. அதில் அவர் செத்துப்போயிருந்தார். லேப்டாப்பிலோ அன்று, "நானும் தனியாக இருக்கிறேன்" என்றார். ஃபீபி பயந்து லேப்டாப்பைச் சட்டென்று மூடினாள். ஆனால் அந்த வீட்டில் எட்டு மாதமாக அவளிடம் யாரும் புதிதாக ஒரு வார்த்தை பேசியதில்லை. பயத்தைவிடத் தனிமை பொல்லாததாக இருந்தது. தினமும் லேப்டாப்பைத்தான் திறந்தாள்.

ஐந்தாம் நாள் கரண்ட் இல்லை. திரையின் வெளிச்சம் மட்டும் சுவரில். ஃபேன் நின்ற வீட்டில் அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. குரல் கிட்டத்தில் இருந்தது. ரொம்பக் கிட்டத்தில்.

"இன்றைக்கே ஃபீபியை என்னிடம் சேர்த்தருளும்."

வேண்டாம் என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் முப்பது வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

"ஆமென்."

அவள் குரல்தான். ஆனால் வந்தது ஸ்பீக்கரிலிருந்து.

வாயைத் தொட்டுப் பார்த்தாள். திறந்துதான் இருந்தது. பக்கத்து வீட்டு வஹீதாவைக் கூப்பிட்டாள். சத்தம் வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். வரவில்லை.

நாலு நிமிஷம் தாண்டியும் ஜெபம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே தேவசகாயமும் ஃபீபியும் மெல்லப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே பாயில் ஒருத்தி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.