மூன்றாம் ஷெட்டுக்கான டீ

முனிலட்சுமி டீ வண்டியை நிறுத்திய பிறகும் எங்கோ ஒரு சக்கரம் உருண்டுகொண்டிருந்தது. அரை நொடிதான். பிறகு அதுவும் நின்றது.

முதல் நாள் அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. போச்சம்பள்ளி தொழிற்பேட்டையில் இருந்த அந்த வார்ப்புத் தொழிற்சாலைக்கு அவள் புதிது. நான்காம் ஷெட்டில் வேலை பார்க்கும் மகன் தமிழரசன்தான் கேன்டீனில் சொல்லிச் சேர்த்துவிட்டான். பதினெட்டு வருஷம் வெயிலில் களையெடுத்தவளுக்கு நிழலில் ஒரு வேலை. தினமும் மாலை மூன்றரைக்கு டீ கேனையும் வடைத் தட்டையும் ஏற்றிக்கொண்டு ஒன்றாம் ஷெட்டில் தொடங்கி நான்காம் ஷெட்டில் முடிக்க வேண்டும். மூன்றாம் ஷெட் மட்டும் பூட்டிக் கிடந்தது. அதன் இரும்பு ஷட்டர் ஒரு பக்கம் தீயில் வெந்து நீலம் பாரித்திருந்தது.

அந்த ஷட்டருக்குப் பின்னால்தான் சத்தம். இவள் நடந்தால் அதுவும் நடந்தது; இவள் நின்றால், கொஞ்சம் யோசித்துவிட்டு நிற்பதுபோல் நின்றது. இரண்டாம் நாள் சக்கரத்தோடு கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசும் ஓசையும் சேர்ந்துகொண்டது. இவள் வண்டியில் இருந்ததோ பேப்பர் கப்புகள். மூன்றாம் நாள் பால் தீய்ந்த வாடை, அதற்கடியில் முடி கருகிய வாடை. தன் கேனைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். ஏலக்காய்தான் மணத்தது.

கேட்டில் டீ வாங்க வந்த காவலாளி திம்மப்பனிடம் கேட்டாள். "அண்ணா, மூணாம் ஷெட்டுக்குள்ள ஆரு இருக்காங்க?"

அவர் கப்பை உதட்டிலிருந்து இறக்கினார். "ஆருமில்லம்மா. சித்திரையில உலை வெடிச்சதுல இருந்து பூட்டித்தான் கெடக்குது. டீ குடிக்கலாம்னு வந்து நின்ன மூணு பேரு அங்கியே போயிட்டாங்க. டீ ஊத்திக்கிட்டு இருந்த நஞ்சம்மாவும்."

"நஞ்சம்மா வேலைய உட்டுட்டு ஊருக்குப் போயிட்டாங்கன்னு கேன்டீன்ல சொன்னாங்களே."

"வேற என்னா சொல்வாங்க? நீ அந்த எடத்துல நிக்காத. நீ பாட்டுக்குத் தள்ளிக்கிட்டுப் போய்க்கினே இரு."

தமிழரசனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். "எலிம்மா. பூட்டிப் போட்டா எலி ஓடாதா?" அவளும் சிரித்துவைத்தாள். ஆனால் அடுத்த இரண்டு நாளும் அந்த இடத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கடந்தாள்.

சனிக்கிழமை மழை கட்டியிருந்தது. மூன்றரை மணிக்கே அந்தி மாதிரி இருட்டு; பாதையில் விளக்குகளைப் போட்டிருந்தார்கள். மூன்றாம் ஷெட்டின் ஷட்டர் ஆளுயரத்துக்குத் தூக்கியிருந்தது. வாசலில் துடைப்பங்களும் சிமென்ட் மூட்டைகளும். சுத்தம் செய்ய ஆள் விட்டிருக்கிறார்கள் போல. ஆனால் ஒருவரையும் காணோம்.

"ஏம்மா," என்றது உள்ளிருந்து ஒரு பெண்குரல். "இந்த வண்டியக் கொஞ்சம் புடிக்கிறியா? கை ஓஞ்சி போச்சு."

பயமுறுத்தும் குரலாக இருந்தால் ஓடியிருப்பாள். அது வெறுமனே களைத்த குரல். பொழுது சாயும் நேரத்தில், இடுப்பை நிமிர்த்த முடியாமல், பக்கத்து வரப்பிலிருந்து தண்ணீர் கேட்கும் குரல். அதைக் கேட்டுவிட்டுத் தாண்டிப் போக முனிலட்சுமிக்குத் தெரியாது. கூட்ட வந்தவள் யாரோ, பாவம். தன் வண்டியை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனாள்.

காலடியில் சாம்பல் மெத்தென்றிருந்தது. தீய்ந்த வாடை தொண்டையில் வந்து உட்கார்ந்தது. நடுவில் ஒரு பழைய இரும்பு வண்டி, அதன் மேல் கரி படிந்த டீ கேன். வண்டியைப் பிடித்தபடி முதுகு காட்டி நின்றவள் கட்டியிருந்தது, தான் கட்டியிருக்கும் அதே நீலக் கேன்டீன் சேலை.

"புடிச்சிக்கிட்டியா?"

முனிலட்சுமியின் கை கைப்பிடியில் இருந்தது. எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை.

"நல்லா இரு தாயி." அந்தப் பெண் திரும்பாமலே அவளைக் கடந்து வெளிச்சத்தை நோக்கி நடந்தாள்.

கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. இரும்போடு இரும்பாக.

இருட்டிலிருந்து ஒரு தம்ளர் நீண்டது. பிறகு இரண்டாவது. மூன்றாவது. பிடித்திருந்த விரல்களில் தோல் இல்லை. அவளுடைய இன்னொரு கை தானாகக் குழாயைத் திருகியது. ஊற்றினாள். குடித்தார்கள். மறுபடி நீட்டினார்கள். ஊற்றினாள். கேன் குறையவில்லை. கத்தினாள். சத்தம் வரவில்லை.

வாசல் வழியே நான்காம் ஷெட் தெரிந்தது. அங்கே அவளுடைய வண்டி. அதன் பின்னால் நீலச் சேலை. தமிழரசன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். அந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்தான். சிரித்தான்.

"என்னாம்மா, இன்னிக்கி இவ்ளோ நேரம்?"

கரிந்த விரல்கள் நீட்டிய கப்பை வாங்கி, ஊதி, வாயில் வைத்தான்.